சொல்லைத் திருப்பிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்: மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் இரண்டு கல்லூரிகளைப் பற்றிய விவரங்களோடு என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் கல்லூரி அச்சிட்டிருந்த வண்ணக் கையேடு, தன் மாணவர்களில் 80 விழுக்காட்டினர் ஒரு பாடம்கூட நிலுவை வைக்காமல் தேறுவதாகச் சொன்னது. இரண்டாவது கல்லூரிக்குக் கையேடு எதுவும் அவர்கள் கையில் இல்லை. அங்கே படித்த உறவுக்காரப் பையன் ஒருவன், ஐந்து பேரில் ஒருவர் அரியர் வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். "அங்க அஞ்சுல ஒருத்தன் அரியர் வைக்கானாம் சாரே, இங்க எண்பது பேரு பாஸாவுறாவ. பின்ன என்னத்த யோசிக்க?" என்றார் அந்தத் தாய். மகனும் தலையாட்டினான்.

நூற்றுக்கு 80 பேர் தேறுகிறார்கள் என்றால் 20 பேர் தேறவில்லை. ஐந்தில் ஒருவர் என்பதும் நூற்றுக்கு 20 பேர்தான். அந்த ஒரு கணக்கைப் பொறுத்தவரை இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே வேறுபாடே கிடையாது. மேல்நிலை வகுப்புக்குக் கணிதம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு வியப்பளித்தது இதுதான்: அந்தப் பையன் கணிதத்தில் 94 மதிப்பெண் வாங்கியவன். அவனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்பதே தோன்றவில்லை, ஏனென்றால் ஒரு செய்தி "தேறுகிறார்கள்" என்ற உடையிலும் மற்றது "அரியர்" என்ற உடையிலும் வந்து நின்றன.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு, அந்தக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே முதலிடம். எனவே நம் வீடுகளில் விளம்பரத்தைப் படிக்கத் தெரியாதவர் அநேகமாக இல்லை. படித்ததைத் திருப்பிப் படிக்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கத்தை ஒரு நோட்டுப் புத்தகமும் மூன்று நான்கு நாட்களும் கொண்டு எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், குறுக்குவழி என்றால் என்ன

நம் மனம் எல்லா வழிகளையும் அளந்து, ஒப்பிட்டு, மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. போதும் என்று தோன்றுகிற ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறது. இதை விரிவாக எடுத்துச் சொன்ன ஹெர்பர்ட் சைமன் 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவருக்குப் பின் ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, உறுதியில்லாத விஷயங்களை மதிப்பிடும்போது மனம் எடுத்துக்கொள்ளும் மூன்று குறுக்குவழிகளை விளக்கியது. எது எளிதில் நினைவுக்கு வருகிறதோ அதுவே அதிகம் நடப்பதாக எண்ணுவது ஒன்று. ஒன்றின் சாயல் எதைப் போலிருக்கிறதோ அதையே அது என்று கொள்வது மற்றொன்று. முதலில் காதில் விழுந்த எண்ணை விட்டு அதிகம் விலகாமல் அதைச் சுற்றியே மதிப்பிடுவது மூன்றாவது. ட்வெர்ஸ்கி 1996-இல் இறந்துவிட்டார். இந்த ஆய்வுகளை முன்னிட்டு 2002-இல் கானமனுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

குறுக்குவழி என்றதும் அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. தோவாளைப் பூச்சந்தையில் விடியலுக்கு முன்னே வியாபாரம் செய்கிறவர் பிச்சிப்பூக் குவியலைக் கையால் அளைந்து பார்த்தே எடை சொல்லிவிடுவார். அடுத்த நொடி தராசு அவர் சொன்னது சரியா தவறா என்று காட்டிவிடும். இப்படி நாள்தோறும் திருத்தப்பட்ட உள்ளுணர்வை நம்பலாம். அனுபவசாலியின் உள்ளுணர்வு எப்போது நம்பத்தக்கது என்பது பற்றிக் கானமனும், அவரோடு நெடுங்காலம் கருத்து மாறுபட்டிருந்த உளவியலாளர் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையும் இதையே சொல்கிறது: சூழல் ஓர் ஒழுங்கில் இயங்க வேண்டும், செய்த மதிப்பீட்டின் விளைவு உடனுக்குடன் தெரிய வேண்டும். மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் இந்த இரண்டுமே இல்லை. பதினேழு வயதில் ஒரு முறை தேர்ந்தெடுக்கிறோம். தராசு நான்கு ஆண்டு கழித்துத்தான் பதில் சொல்கிறது.

படி 1: யாரிடமும் கேட்பதற்கு முன் உங்கள் எண்ணை எழுதுங்கள்

கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்னே, வீட்டில் உட்கார்ந்து மூன்று எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். படிப்பு முடியும்வரை குடும்பத்தால் மொத்தம் எவ்வளவு செலவிட முடியும், அதில் கடன் எவ்வளவு, நாள் ஒன்றுக்குப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பவையே அவை. இந்த வரிசை மாறிவிட்டால், அதாவது முதலில் அலுவலகத்தில் ஓர் எண்ணைக் கேட்டுவிட்டுப் பிறகு வீட்டில் யோசித்தால், கேட்ட எண்ணே நங்கூரமாகி நம் யோசனையைக் கட்டிப்போட்டுவிடும்.

இதன் வலிமையைக் காட்டும் சோதனை ஒன்றை ட்வெர்ஸ்கியும் கானமனும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமே செய்தார்கள். ஒரு குழுவுக்கு 8×7×6×5×4×3×2×1 என்றும், மற்றொரு குழுவுக்கு 1×2×3×4×5×6×7×8 என்றும் கரும்பலகையில் எழுதிக் காட்டி, ஐந்து நொடிக்குள் விடையை உத்தேசமாகச் சொல்லச் சொன்னார்கள். பெரிய எண்ணில் தொடங்கிய குழுவின் இடைநிலை மதிப்பீடு, அதாவது விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 2,250. சிறிய எண்ணில் தொடங்கிய குழுவினுடையது 512. சரியான விடை 40,320. பெருக்கல் ஒன்றே, தொடங்கிய இடம் மட்டுமே வேறு. ஆசிரியர்கள் இதை எந்த வகுப்பிலும் பத்து நிமிடத்தில் செய்து காட்டலாம். நங்கூரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது பயன் தரும்.

இப்போது கல்லூரி அலுவலகத்துக்கு வருவோம். "ஆண்டுக் கட்டணம் 1,20,000 ரூபாய், இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் உங்களுக்கு 85,000" என்று சொல்லப்படும்போது, 35,000 ரூபாய் மிச்சம் என்றே மனம் கணக்கிடுகிறது. 1,20,000 யாரிடமாவது உண்மையில் வாங்கப்படுகிறதா என்று நாம் கேட்பதில்லை. வீட்டில் எழுதிய தாளில் "ஆண்டுக்கு 70,000-க்கு மேல் முடியாது" என்று இருந்தால், 85,000 என்பது 15,000 கூடுதலாகத்தான் தெரியும். ஆண்டுக்கு 90,000 ரூபாய் என்பதை "நாளொன்றுக்கு வெறும் 250 ரூபாய்" என்று சொல்வதும் இதே வித்தைதான். நானும் இதற்குத் தப்பியவன் அல்ல: "மாதம் 2,900 மட்டும்" என்ற பலகையைப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் என்று பெருக்கிப் பார்க்காமலேயே ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். கணித ஆசிரியர் என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

கட்டணத்தோடு பேருந்து, சீருடை, தேர்வுக் கட்டணம், விடுதி, ஆய்வகம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்த ஆண்டுகளால் பெருக்கி, ஒரே எண்ணாக எழுதிய பிறகே மற்றொரு கல்லூரியோடு ஒப்பிட வேண்டும்.

படி 2: ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

1981-இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கற்பனைச் சிக்கலைக் கொடுத்தார்கள். ஒரு கொள்ளைநோயால் 600 பேர் இறக்கக்கூடும். அதைத் தடுக்க இரண்டு திட்டங்கள் உள்ளன. முதல் திட்டத்தில் 200 பேர் பிழைப்பது உறுதி. இரண்டாவது திட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் 600 பேரும் பிழைப்பர். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஒருவரும் பிழைக்கமாட்டார். 72 விழுக்காட்டினர் உறுதியான முதல் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தனர். வேறொரு குழுவுக்கு இதே திட்டங்களைச் சாவின் சொற்களில் சொன்னார்கள்: முதலாவதில் 400 பேர் இறப்பது உறுதி, இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் ஒருவரும் இறக்கமாட்டார், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் 600 பேரும் இறப்பர். இப்போது 78 விழுக்காட்டினர் இரண்டாவது திட்டத்துக்குத் தாவினர். 600-இல் 200 பேர் பிழைப்பதும் 400 பேர் இறப்பதும் ஒன்றே என்பது மூன்றாம் வகுப்புக் கழித்தல். ஆயினும் கிடைப்பதாகச் சொன்னால் உறுதியைப் பற்றிக்கொள்கிறோம். இழப்பதாகச் சொன்னால் சூதாடத் துணிகிறோம்.

மாணவர்கள்தானே, விவரம் போதாது என்று நினைக்க வேண்டாம். 1982-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா கதிர்வீச்சா என்ற கேள்வி மருத்துவர்கள், நோயாளிகள், மேலாண்மை மாணவர்கள் ஆகியோரிடம் கேட்கப்பட்டது. விவரங்களைப் பிழைத்திருப்போர் எண்ணிக்கையாகச் சொன்னபோது 18 விழுக்காட்டினரும், அதே விவரங்களை இறப்போர் எண்ணிக்கையாகச் சொன்னபோது 44 விழுக்காட்டினரும் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தனர். அனுபவமுள்ள மருத்துவர்களிடமும் இந்த விளைவு குறையவில்லை.

ஆகவே நோட்டின் இடப்பக்கத்தில் நீங்கள் கேட்ட அல்லது படித்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதன் மறுபக்கத்தை எழுதுங்கள். விழுக்காடு எங்கே வந்தாலும் அதை 60 பேர் கொண்ட ஒரு வகுப்பாக மாற்றிக்கொள்வது நல்லது. "80 விழுக்காடு தேர்ச்சி" என்பது இடப்பக்கம். "60 பேர் வகுப்பில் 12 பேர் அரியரோடு இருக்கிறார்கள்" என்பது வலப்பக்கம். விழுக்காட்டை மனம் தொட்டுப் பார்க்க முடியாது; 12 பேரை, அதாவது இரண்டு பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கும் பையன்களை, பார்க்க முடியும்.

சில சொற்களைக் கண்டால் உடனே பேனாவை எடுக்க வேண்டும். "வரை" அவற்றில் முதலாவது. "ஆண்டுக்கு 15 லட்சம் வரை சம்பளம்" என்பது ஒரே ஒருவர் 15 லட்சம் வாங்கியிருந்தாலும் பொய்யாகாது. "சராசரி" அடுத்தது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 2.4 லட்சமும் ஒருவருக்கு 15 லட்சமும் கிடைத்தால் சராசரி 3.66 லட்சம், அந்தச் சம்பளத்தை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. எனவே சராசரியைக் கேட்காமல், சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். "95 விழுக்காடு வேலைவாய்ப்பு" என்றால் யாரில் 95 என்பதே கேள்வி: சேர்ந்தவர்களிலா, அரியர் இல்லாமல் இறுதியாண்டுக்கு வந்தவர்களிலா, வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்தவர்களிலா? "வேலைவாய்ப்பு உறுதி" என்பதும் "வேலைவாய்ப்புக்கு உதவி" என்பதும் பலகையில் ஒரே அளவு எழுத்தில் இருந்தாலும் பொருளில் வெகுதூரம்.

பொறியியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை, இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. கையேட்டின் எண்ணை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கல்லூரிக்காரர் பொய் சொன்னார் என்று பாய வேண்டியதில்லை. அவர் வேறொரு பகுதி எண்ணைக் கொண்டு வகுத்திருக்கக்கூடும். எதைக் கொண்டு வகுத்தார் என்று கேட்டால் போதும், பல நேரங்களில் அந்தப் பதிலிலேயே எல்லாம் வெளிவந்துவிடும்.

தேர்வறையிலும் இதே சொல்லாட்டம் நடக்கிறது. நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண்; தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும்; விட்ட வினாவுக்கு எதுவும் இல்லை. "தப்பா போட்டா மார்க்கு போகும்" என்று இரண்டு ஆண்டு கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை, நான்கு விடைகளில் இரண்டை நீக்கிவிட்ட பிறகும் கை நடுங்கி விட்டுவிடுகிறது. கணக்கைப் பாருங்கள். இரண்டை உறுதியாக நீக்கிவிட்ட 20 வினாக்களில் பாதி சரியாகும் என்று கொண்டால், 40 வரும், 10 போகும், மிச்சம் 30. விட்டுவிட்டால் சுழியம். ஒன்றையுமே நீக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும்கூட, நீண்ட கணக்கில் ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண் கூடவே வரும், குறையாது. ஆனால் அதில் ஏற்ற இறக்கம் அதிகம், நேரமும் வீணாகும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. "தப்பா போட்டா ஒண்ணு போகும்" என்பதோடு "சரியா போட்டா நாலு வரும்" என்ற மறுபாதியையும் அதே மூச்சில் சொல்லிக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

படி 3: கண்ணில் படாதவர்களை எண்ணுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் வழியில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, வளைகுடா நாட்டுப் பணத்தில் எழும்பிய இரண்டு மாடி வீடுகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போகிறது. ஏமாற்றப்பட்டுத் திரும்பி வந்தவர் வீடு கட்டுவதில்லை. அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. எனவே வெற்றி சாலையோரம் நிற்கிறது, தோல்வி உள்ளறையில் இருக்கிறது. நர்சிங் முடித்து வெளிநாடு போனவரைப் பற்றி ஊருக்கே தெரியும். படித்துவிட்டு ஊரிலேயே சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை.

பெயர் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம் போலத் தோன்றுவார்கள் என்பதையும் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1973-இல் சோதித்தார்கள். 19 புகழ்பெற்ற பெண்களும் அவ்வளவாக அறியப்படாத 20 ஆண்களும் கொண்ட பட்டியலை வாசித்துக் காட்டினால், கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களே அதிகம் என்றனர். புகழை ஆண்களின் பக்கம் மாற்றியபோது ஆண்களே அதிகம் என்றனர். வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கட்டப்படும் பயிற்சி மையப் பதாகைகளில் முகம் முகமாகச் சிரிக்கும் 40 பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். அந்த 40-ஐப் பார்த்ததும் கேட்க வேண்டியது, அந்த ஆண்டு அங்கே சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அந்த 40 பேரில் அங்கேயே முழு ஆண்டும் படித்தவர்கள் எத்தனை பேர், மாதிரித் தேர்வு மட்டும் எழுதியவர்கள் எத்தனை பேர் என்பவையே.

அச்சமும் இதே வழியில்தான் வருகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. சிறு வயதில் அந்த நாட்களைக் கண்ட பிள்ளை இன்று கப்பல் வேலைக்கான படிப்பைப் பற்றி யோசிக்கும்போது, விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பதும் பெரிய வணிகக் கப்பலில் பணிபுரிவதும் வேறு வேறு ஆபத்துகள் என்பதை நினைவு பிரித்துக் காட்டாது. இரண்டையும் ஒரே கடலாகக் காட்டும். அந்த வீட்டாரின் அச்சத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. அந்த அச்சத்தை ஒரு காரணமாக நோட்டில் எழுதிவிட்டு, அதன் எதிரே கப்பல் வேலையில் உண்மையில் உள்ள இடர்களையும் (போலி முகவர், வேலை கிடைக்காமல் காத்திருக்கும் காலம், வீட்டைப் பிரிந்திருப்பது) தனித்தனியாக எழுதிப் பாருங்கள் என்று மட்டுமே சொல்வேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் விரும்பும் படிப்பை முடித்த ஐந்து பேரைப் பாருங்கள். அவர்களை நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள். ஒருவரைப் பிடித்து, அவருடைய வகுப்பில் வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்து இருந்த ஐந்து பேர் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அகரவரிசைக்கு வெற்றி தோல்வி தெரியாது.

படி 4: சாயலைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

குளச்சலைச் சேர்ந்த ஒரு மாணவிக்குக் கடல் என்றால் உயிர். சிப்பிகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். மீன்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்வாள். அவள் கல்லூரியில் கடல் உயிரியல் படிக்கிறாளா, பி.காம். படிக்கிறாளா என்று கேட்டால் வகுப்பு முழுவதும் முதலாவதையே சொல்லும். ஆனால் கடல் உயிரியலுக்கான இடங்கள் மிகச் சில, பி.காம். இல்லாத கலை அறிவியல் கல்லூரி அரிது. சிப்பி சேர்க்கும் பெண்களிலும் பி.காம். படிப்பவர்களே அதிகம் இருப்பார்கள்.

"கணக்குல புலி, அதனால இன்ஜினியரிங்", "பேச்சு நல்லா வரும், அதனால வக்கீல்", "அமைதியான பிள்ள, டீச்சர் வேலைக்குத்தான் ஒத்துவரும்" என்று நாம் சொல்வதெல்லாம் சாயலைப் பார்த்துச் சொல்வதுதான். சாயல் ஆர்வத்தைக் காட்டலாம். இடம் கிடைக்குமா, அந்த வேலையின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படியிருக்கும் என்பதைக் காட்டாது. அந்தச் செவ்வாய்க்கிழமையை அந்த வேலையில் இருப்பவரிடம் கேட்டு, காலை முதல் மாலை வரை எழுதி வாங்குங்கள்.

படி 5: வீட்டில் பேசும்போது இடைச்சொற்களைக் கவனியுங்கள்

இதைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எழுதுகிறேன். கல்லூரிக்காரர்கள் பதாகையில் செய்வதை நாம் வீட்டில் ஓர் எழுத்தில் செய்துவிடுகிறோம், ஏனென்றால் தமிழில் ஒரு சிறு இடைச்சொல் முழு மதிப்பீட்டையும் சுமந்துவிடும். "பாலிடெக்னிக் படி" என்பது ஒரு யோசனை. "பாலிடெக்னிக்காவது படி" என்பது தீர்ப்பு. அந்த "ஆவது", உனக்கு வேறெதுவும் எட்டாது என்று சொல்லி முடித்துவிடுகிறது. "பி.எஸ்சி. கிடைத்தது" வேறு, "பி.எஸ்சி.தான் கிடைத்தது" வேறு. "அவகூட நர்சிங் போறா" என்பதில் அந்தப் பெண்ணையும் அந்தப் படிப்பையும் ஒரே நேரத்தில் இறக்கிவிடுகிறோம். "நீ டாக்டருக்குத்தானே படிக்கப்போற மக்களே?" என்று தாத்தா அன்போடு கேட்கும் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லப் பிள்ளைக்கு வழியே வைக்கப்படவில்லை. இந்த இடைச்சொற்களை நீக்கிவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்றால், நாம் யோசனை சொல்லவில்லை என்று புரியும்.

கேள்வியின் ஒரு சொல் பதிலை மட்டுமல்ல, நினைவையே மாற்றும். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் 1974-இல் மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று பொருள்படும் சொல்லால் கேட்கப்பட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டுக்கொண்டபோது" என்று பொருள்படும் சொல்லால் கேட்கப்பட்டவர்களுக்கு 31.8 மைல். மற்றொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, "நொறுங்கிய" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் "இடித்த" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும் பார்த்தோம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

எனவே மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் "ஏன் கோட்ட விட்ட?" என்று கேட்டால், கோட்டை விட்டதற்கான காரணங்களையே அது தேடிக் கண்டுபிடிக்கும். "எந்தெந்தப் பாடத்துல என்னென்ன நடந்துச்சு?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்லும். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு வரும் பதில் "புரிஞ்சுது சார்" ஒன்றுதான்; "எந்த வரியில நின்னுபோச்சு?" என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்ட பிறகே கைகள் உயரத் தொடங்கின.

படி 6: போட்ட பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

இரண்டு ஆண்டு நீட் பயிற்சிக்குப் போனவர், மூன்றாம் ஆண்டும் போகலாமா என்று கேட்கும்போது முதலில் சொல்லும் காரணம் "இவ்வளவு செலவு பண்ணியாச்சே" என்பதாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டு போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. ஆகவே அது எந்தப் பக்கத்துக்கும் காரணம் அல்ல. நோட்டில் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, இன்றைக்குத்தான் முதல்முறையாக யோசிக்கிறோம் என்றால் இந்த ஓர் ஆண்டையும் இந்தத் தொகையையும் இதில் போடுவோமா என்று கேளுங்கள். இரண்டு முயற்சிகளின் மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்பது காரணம், அதை அடிக்காதீர்கள்.

படி 7: மூன்று நாள் ஊறவைத்து, காரணத்தோடு எழுதி வையுங்கள்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1772-இல் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு தாளை நடுவே கோடிட்டு ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் மூன்று நான்கு நாட்கள் தோன்றத் தோன்ற எழுதி, சமமானவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வரும் தன் முறையை விவரித்தார். முறை பழையதுதான். அதன் உயிர் கோட்டில் இல்லை, அந்த மூன்று நான்கு நாட்களில் இருக்கிறது, ஏனென்றால் ஒரே உட்காரலில் எழுதினால் அன்றைக்கு எளிதில் நினைவுக்கு வந்தவை மட்டுமே தாளில் இறங்கும். "இன்று மாலைக்குள் முன்பணம் கட்டினால்தான் இடம்" என்று அவசரப்படுத்துகிறவரிடம், அந்த அவசரத்தையே ஒரு பாதகமாக எழுதிக்கொள்ளலாம்.

கடைசி நாளில், உங்கள் முடிவை நீங்களே எதிர்த்து வாதாட வேண்டும். நான்கு ஆண்டு கழிந்துவிட்டது, இந்தத் தேர்வு தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்பதற்கு மூன்று காரணங்களை எழுதுங்கள். கேரி கிளைன் நிறுவனங்களுக்குச் சொன்ன முறை இது. குடும்பத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் அப்பாவின் விருப்பத்தை மறுத்துப் பேசத் தயங்கும் பிள்ளைகூட, தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு காரணம் சொல் என்றால் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடும்.

பிறகு முடிவை ஒரே வாக்கியத்தில், அலங்காரச் சொல் எதுவும் இல்லாமல், காரணத்தோடும் தேதியோடும் எழுதி மாற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பிலேயே வையுங்கள். முதல் பருவத் தேர்வு முடிந்ததும் அதை எடுத்துப் படிக்க வேண்டும். நடந்தது தெரிந்த பிறகு, அப்போதே எனக்குத் தெரியும் என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும், அப்போது இந்தத் தாள் ஒன்றே சாட்சி.

அந்தத் தாயும் மகனும் ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் வேலைநாளில் போய்ப் பார்த்திருந்தார்கள். நோட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிறைந்திருந்தன; பாதிக்கு மேல் அடிக்கப்பட்டிருந்தன. முடிவில் அவன் சேர்ந்தது அவர்கள் முதலில் விரும்பிய அதே கல்லூரியில்தான். ஆனால் கடைசி வரியில் அவன் எழுதியிருந்த காரணத்தில் எண்பது விழுக்காடு இல்லை. "வீட்டு முக்கிலேயே ஏறினால் ஒரே பேருந்து, இறங்கி மாற வேண்டாம், தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சம்" என்று எழுதி, கீழே தேதி போட்டிருந்தான்.